நல்ல மரச் செஸ் செட்: அளந்து வாங்குவது, காப்பது, வைத்து ஆடுவது

செஸ் செட் விற்கும் இடங்களில் "3.75 அங்குலம்" என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அது ராஜாவின் உயரம், தலையில் உள்ள சிலுவையையும் சேர்த்து. அதை மட்டும் பார்த்துக் காய்களை வாங்கி, கண்ணுக்குப் பிடித்த பலகை ஒன்றை வேறு கடையில் வாங்கி, இரண்டையும் சேர்த்து வைக்கும்போதுதான் சிக்கல் தெரியும். காய்கள் டவுன் பஸ் கூட்டம் போல இடித்துக்கொண்டு நிற்கும். இல்லாவிட்டால் வெட்டவெளியில் வழி தவறியவை போல நிற்கும். விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது, ராஜாவின் அடிவட்டம் (அடிப்பகுதியின் விட்டம்) எத்தனை மில்லிமீட்டர் என்பதை.

ராஜாவின் அடிவட்டம், கட்டத்தின் பக்க அளவில் 75 முதல் 78 சதவீதம் இருந்தால் ஆட வசதி. அடிவட்டத்தை 0.76 ஆல் வகுத்தால் உங்களுக்குத் தேவையான கட்டம் கிடைத்துவிடும். அடி 40 மி.மீ. என்றால் கட்டம் 52 அல்லது 53. 43 என்றால் 57. 48 என்றால் 63. இன்னொரு சோதனைக்கு அளவுகோலே வேண்டாம். ஒரு கட்டத்துக்குள் நான்கு சிப்பாய்களை நிறுத்திப் பாருங்கள். கோட்டைத் தாண்டாமல், பெரிய இடைவெளியும் விடாமல் நின்றால் பொருத்தம் சரி.

உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் பரிந்துரை இப்படி: ராஜா 9.5 செ.மீ., ராணி 8.5, மந்திரி 7, குதிரை 6, யானை 5.5, சிப்பாய் 5. அடிவட்டம் உயரத்தில் 40 முதல் 50 சதவீதம். கட்டம் 5 முதல் 6 செ.மீ. சந்தையில் 3.75 அங்குல செட் மலிந்து கிடப்பதற்குக் காரணமும் இதுவே, 9.5 செ.மீ. என்பது ஏறத்தாழ அதே அளவு. 4.4 அங்குல ராஜா படத்தில் கம்பீரமாகத் தெரியும். ஆனால் அதற்கு 63 மி.மீ. கட்டம் வேண்டும், சட்டத்தோடு சேர்த்துப் பலகை 60 செ.மீ. அகலத்துக்கு வந்துவிடும், சாதாரண மேசையில் கடிகாரம் வைக்கவும் இடம் மிஞ்சாது. முதல் செட்டுக்கு 3.75 அங்குலக் காய்களும் 55 முதல் 57 மி.மீ. கட்டமும் போதும். 57 மி.மீ. என்றால் எட்டுக் கட்டம் 45.6 செ.மீ.; இரு பக்கமும் 4 செ.மீ. சட்டம் சேர்த்தால் 54 செ.மீ. பலகை. மேசையில் உங்கள் முன்னாலும் எதிரில் இருப்பவர் முன்னாலும் நகர்த்தல் எழுதும் தாளுக்கு 15 செ.மீ. ஆவது விட வேண்டும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குதிரையைப் பார்த்து விலை பேசுங்கள்

இன்று நாம் செஸ் காய் என்றதும் நினைக்கும் வடிவத்துக்கு ஸ்டான்டன் என்று பெயர். 1849 மார்ச் 1 அன்று நத்தானியல் குக் என்பவர் பெயரில் லண்டனில் பதிவானது. ஜாக்ஸ் நிறுவனம் செய்து விற்றது. அப்போதைய பெரிய ஆட்டக்காரர் ஹோவர்ட் ஸ்டான்டன் தன் பெயரைக் கொடுத்தார். அதற்கு முந்தைய செட்டுகளில் ராணியையும் மந்திரியையும் அவசரத்தில் மாற்றிப் பிடித்துவிடலாம். உயர்ந்து மெலிந்த காய்கள் விரல் பட்டாலே சாயும். அகன்ற அடி, ஒரே பார்வையில் அடையாளம் தெரியும் தலை என்ற இரண்டு குணங்களால்தான் ஸ்டான்டன் நிலைத்தது. (நாம் யானை என்று அழைக்கும் காய் இதில் கோட்டைக் கோபுரமாக நிற்கிறது. பெயரை நாம் மாற்றவில்லை, நல்லதுதான்.)

உலகில் விற்கும் நல்ல மரச் செட்டுகளில் பெரும்பங்கு பஞ்சாபின் அமிர்தசரஸில் செய்யப்படுகிறது. லண்டன் கடைப் பெயர், அமெரிக்கக் கடைப் பெயர் என்று எது ஒட்டியிருந்தாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் அந்த ஊர்க் கடைசல்தான். ராஜா முதல் சிப்பாய் வரை ஐந்து வகைக் காய்களும் கடைசல் எந்திரத்தில் சீக்கிரம் உருவாகிவிடும். குதிரையை மட்டும் உளி பிடித்துக் கையால் செதுக்க வேண்டும். தேர்ந்த கை ஒரு நாளைக்குச் சில குதிரைகளே முடிக்கும். ஒரே மரத்தில் செய்த இரண்டு செட்டுகளுக்கு விலை மூன்று மடங்கு வேறுபட்டால், அந்த வித்தியாசம் ஏறக்குறைய முழுக்க நான்கு குதிரைகளில் இருக்கிறது.

நான்கையும் ஒரே திசை பார்த்து வரிசையாக நிறுத்துங்கள். கண், மூக்குத் துளை, பிடரி மயிர்க் கோடுகள் நான்கிலும் ஒரே ஆழத்தில் இருக்கின்றனவா? வெள்ளைக் குதிரையும் கறுப்புக் குதிரையும் ஒரே கைவேலை போலத் தெரிகின்றனவா? கருங்காலியை உளி எளிதில் கடிக்காது. அதனால் கறுப்புக் குதிரையின் வரிகள் மேலோட்டமாக நின்றுவிடுவது வழக்கமான குறை. பிறகு முன்பக்கமிருந்து நேராகப் பாருங்கள். இடக் கன்னமும் வலக் கன்னமும் ஒத்திருக்க வேண்டும். தாடைக்கும் கழுத்துக்கும் நடுவே குடைந்து எடுத்திருக்கிறார்களா, கீறிவிட்டு விட்டுவிட்டார்களா என்பதிலும் வேலையின் தரம் தெரியும். குதிரைத் தலை தனிக் கட்டையில் செதுக்கி அடியோடு ஒட்டப்படுவது. ஒட்டிய இடம் மயிரிழைக் கோடாக இருந்தால் சரி. பசை பிதுங்கியிருந்தாலோ தலை ஒரு பக்கம் திரும்பியிருந்தாலோ அது திருப்பி அனுப்ப வேண்டிய செட். மிக மெல்லிய, துருத்திய காதுகள் படத்துக்கு அழகு. மேசையிலிருந்து ஒருமுறை விழுந்தால் முதலில் போவதும் அவையே. ஆடத்தான் வாங்குகிறீர்கள் என்றால் காது கழுத்தோடு படிந்த குதிரையைத் தேர்ந்தெடுங்கள்.

மரம்

வெள்ளைப் பக்கம் அநேகமாக எப்போதும் பாக்ஸ்வுட். நெருக்கமான ரேகை, இளமஞ்சள் நிறம், கடைசலுக்கு வெண்ணெய் மாதிரி இணங்கும். வருடங்கள் போகப் போகத் தேன் நிறத்துக்கு மாறும். அதைக் கறை என்று நினைத்துத் தேய்க்க வேண்டாம்.

கறுப்புப் பக்கத்தில்தான் பெயர்க் குழப்பம். "எபனைஸ்டு" என்றால் அதே பாக்ஸ்வுட்டுக்குக் கறுப்புச் சாயம். இதில் கேவலம் ஒன்றுமில்லை. பழைய ஜாக்ஸ் செட்டுகளிலும் சாயமிட்டவை உண்டு. கருங்காலியைவிட வெடிப்பும் குறைவு. சாயம் சரியாக ஏறாவிட்டால் மட்டும் தொல்லை. லேசாக ஈரமாக்கிய வெள்ளைப் பருத்தித் துணியை அடிவிளிம்பில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். துணி கறுத்தால், வியர்த்த கையோடு ஆடும் முதல் வாரத்திலேயே பலகையின் வெள்ளைக் கட்டங்களும் கறுக்கும்.

"கோல்டன் ரோஸ்வுட்" என்று எழுதியிருந்தால் அது ஷீஷம் அல்லது அகேசியா. நம் ஊர் ஈட்டி மரத்தை அந்தப் பெயரில் தேடாதீர்கள். ஷீஷம் காய்களில் பழுப்பு வரிகள் அழகாக ஓடும், விலை குறைவு, பலவித வானிலையையும் தாங்கும். தினசரி ஆட்டத்துக்கு இதைவிடச் சிறந்த மரம் தேட வேண்டியதில்லை. "பட் ரோஸ்வுட்" என்ற பெயரில் வருவது பெரும்பாலும் படாக் வகை. புதிதாக இருக்கும்போது செங்கல் சிவப்பில் ஜொலிக்கும்; வெளிச்சம் பட்டுச் சில ஆண்டுகளில் பழுப்பாகிவிடும். அந்தச் சிவப்புக்காகவே கூடுதல் விலை கொடுப்பவர்கள் இதைத் தெரிந்து வாங்க வேண்டும். ஜன்னல் ஓரத்தில் வைக்காவிட்டால் மாற்றம் மெதுவாக நடக்கும், அவ்வளவே.

கருங்காலி கடைசியில் வருகிறது. இந்தியா, இலங்கைக் காடுகளின் மரம். தண்ணீரில் மூழ்கும் அளவுக்கு அடர்த்தி (காயைப் போட்டுச் சோதிக்காதீர்கள்). வைரக்கட்டைதான் கறுப்பு, சுற்றியுள்ள வெண்கட்டை வெளுப்பு. உண்மையான கருங்காலியில் உற்றுப் பார்த்தால் சாம்பல் அல்லது பழுப்பு இழை ஒன்றிரண்டு தெரியும். 16 காய்களும் மை ஊற்றியது போல ஒரே கறுப்பாக இருந்தால் சாயமும் சேர்ந்திருக்க வாய்ப்பு உண்டு. காயின் அடியில் ஒட்டியிருக்கும் ஃபெல்ட் துணியின் ஓரத்தில், பாலிஷ் ஏறாத விளிம்பைப் பாருங்கள். பொய் அங்கே வெளுக்கும். கருங்காலியின் பெரிய குறை வெடிப்பு. அது ஏன் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

ஈட்டி, ஷீஷம் இரண்டும் சேர்ந்த டால்பெர்ஜியா பேரினம் முழுவதும் 2017 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. வெளிநாட்டுக்கு அனுப்புவதாக இருந்தால் மரத்தின் பெயர் எழுதிய பில்லைப் பத்திரமாக வையுங்கள். தந்தச் செட் பழையது என்று யாராவது விற்க வந்தால் கையே வைக்காதீர்கள். இந்தியாவில் அதை விற்பதும் வாங்குவதும் குற்றம்.

கனமும் அடித்துணியும்

காயின் அடியைக் குடைந்து ஈயமோ இரும்போ வைத்து அடைப்பார்கள். 3.75 அங்குல செட்டில் 32 காயும் சேர்ந்து ஏறக்குறைய 1.1 முதல் 1.5 கிலோ வரை இருந்தால் கைக்கு நிறைவாக இருக்கும். "டிரிபிள் வெயிட்டட்" என்பதற்கு எந்த நிர்ணயமும் கிடையாது. கிராம் கணக்கைக் கேளுங்கள். கனம் எவ்வளவு என்பதைவிட அது எவ்வளவு தாழ இருக்கிறது என்பதே முக்கியம். ராஜாவை ஒரு விரலால் 45 பாகை சாய்த்து விடுங்கள். ஆடி ஆடித் தானாக நிமிர வேண்டும். சிப்பாயிலும் பாருங்கள், பலர் ராஜாவை மட்டும் சோதித்துவிட்டு விடுவார்கள், ஆட்டத்தில் அதிகம் தட்டிவிடப்படுவது சிப்பாய்.

ஒவ்வொரு காயையும் காதருகில் வைத்துக் குலுக்குங்கள். 'லொட லொட' என்றால் உள்ளே எடை பசையை விட்டுவிட்டது. விட்டுவைத்தால் அது உள்ளிருந்து மரத்தை இடித்துக்கொண்டே இருக்கும். சரிசெய்வது கடினமில்லை. ஃபெல்ட்டின் மேல் ஹேர் டிரையரின் மிதமான சூட்டை அரை நிமிடம் காட்டி, மழுங்கிய கத்தியால் ஓரத்திலிருந்து உரியுங்கள். எடையை வெளியே எடுத்துத் துருவைச் சுரண்டி, குழியின் நடுவில் மட்டும் இரண்டு துளி எபாக்சிப் பசை விட்டு வையுங்கள். சுற்றிலும் அரை மில்லிமீட்டராவது இடைவெளி இருக்கட்டும். மரம் சுருங்கும்போது இரும்பு சுருங்காது. இறுக்கி அடைத்த எடைதான் அடியைப் பிளக்கும்.

ஃபெல்ட் மாற்றும்போது 1 மி.மீ. தடிமனுள்ள கம்பளி ஃபெல்ட் வாங்குங்கள். வட்டத்தை அடியைவிட 1 மி.மீ. குறைவாக வெட்டுங்கள். விளிம்பைத் தாண்டித் துருத்தும் துணியால்தான் புதுக் காய்கள் தள்ளாடுகின்றன. ஃபெவிகாலைத் தண்ணீர் கலக்காமல் மரத்தின் மீது மெல்லியதாகத் தடவி, பசை கொஞ்சம் இறுகியபின் துணியை வையுங்கள். ஈரப் பசையில் உடனே வைத்தால் துணிக்குள் ஊறிக் கல்லாகி, பலகையைக் கீறும். காய்களை நிமிர்த்தி நிறுத்தி நாலு மணி நேரம் விடுங்கள். சொந்த எடையே அழுத்திக்கொள்ளும்.

பெட்டி வந்து சேர்ந்த அன்று

திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் இதைச் செய்துவிடுங்கள். பகல் வெளிச்சத்தில், கண்ணாடி மேசை மேல்.

எண்ணிக்கை 34 இருக்க வேண்டும். நல்ல செட்டில் கூடுதலாக ஆளுக்கொரு ராணி வரும். எட்டுச் சிப்பாய்களை ஒட்டி நிறுத்தி, மேலே அளவுகோலைப் படுக்க வையுங்கள். அளவுகோல் அரை மில்லிமீட்டர் ஆடினால் பொறுத்துக்கொள்ளலாம், ஒன்றரை என்றால் வெவ்வேறு நாளில் கடைந்தவை. மந்திரிகளின் தலைவெட்டு நான்கிலும் ஒரே கோணம், ஒரே ஆழமா? ராஜாவின் சிலுவையை மெல்லத் திருகிப் பாருங்கள். சுற்றினால் பசை இல்லை. வெடிப்பைத் தேட வேண்டிய இடங்கள் இரண்டு: அடிவிளிம்பு, மற்றும் தலையுச்சி. அந்த இடங்களில்தான் மரத்தின் குறுக்குவெட்டு முகம் வெளியே தெரிகிறது, காற்றும் ஈரமும் அங்கேதான் வேகமாக ஏறி இறங்கும். கைப்பேசி விளக்கைப் பக்கவாட்டில் காட்டினால் மயிரிழை வெடிப்பும் நிழல் விட்டுக் காட்டிக்கொடுக்கும்.

பலகை

முழு மரப் பலகைதான் உயர்ந்தது, வெனீர் (மெல்லிய மரத் தகடு) ஒட்டியது மட்டம் என்று ஒரு நம்பிக்கை உண்டு. பலகை விஷயத்தில் இது தலைகீழ். மரம் ரேகையின் நெடுகே அசையாது, குறுக்கே அசையும். 45 செ.மீ. அகலமுள்ள முழு மரத் தளம் மழைக்காலத்துக்கும் ஏசி அறைக்கும் இடையே 2, 3 மி.மீ. விரிந்து சுருங்கும். அதைச் சுற்றி நான்கு புறமும் சட்டத்தை இறுக்கி ஒட்டினால் மூலை இணைப்பு வாய் பிளக்கும், இல்லையென்றால் தளம் வளையும். 16 அல்லது 18 மி.மீ. எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) மேல் அரை மில்லிமீட்டர் வெனீரை இரு பக்கமும் ஒட்டியது அசையாது. பெரிய போட்டிகளுக்கான மரப் பலகைகளும் வெனீர்தான். இரு பக்கமும் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். மேலே மட்டும் ஒட்டினால் ஒரு பக்க இழுப்பில் தட்டு போலக் குழிந்துவிடும். வாங்கும்போது திருப்பிப் போட்டு அடிப்பக்கத்தைப் பாருங்கள்.

நீண்ட இரும்பு அளவுகோலை மூலைக்கு மூலை வைத்துக் கீழே வெளிச்சம் நுழைகிறதா என்று பாருங்கள். நான்கு கட்டங்கள் சந்திக்கும் 49 புள்ளிகளில் நடுவில் உள்ள நாலைந்தை உற்றுப் பாருங்கள், கோடுகள் விலகாமல் சேர வேண்டும். பளபளப்பு வேண்டாம், மேட் பூச்சு கேளுங்கள். டியூப்லைட்டின் பிம்பம் நடுக் கட்டங்களில் படுத்துக்கொண்டால் ஒரு மணி நேரத்தில் கண் கரிக்கும். எழுத்தும் எண்ணும் அச்சிட்ட பலகையில் ஏ1 கட்டம் (வெள்ளை ஆடுபவரின் இடது கை மூலை) கறுப்பாக இருக்க வேண்டும். தவறாக அச்சிட்டவை இன்னும் கடைகளில் கிடைக்கின்றன.

நிறம் பொருந்துவதை விட முரண்படுவது முக்கியம். கருங்காலிக் காய்களைக் கருங்காலிக் கட்டத்தில் வைத்தால் காய் இருட்டில் கரைந்துவிடும். அவற்றுக்கு வால்நட் அல்லது மகோகனிப் பழுப்பு. ஷீஷம் காய்க்கும் அதைவிட ஒரு படி அடர்ந்த, அல்லது ஒரு படி வெளுத்த கட்டம். வெள்ளைக் கட்டம் மேப்பிள் போல வெளிறியிருந்தால் மஞ்சள் பாக்ஸ்வுட் எடுப்பாகத் தெரியும்.

நல்ல தச்சர் பழக்கம் இருந்தால் வீட்டிலேயே செய்துவிடலாம். 57 மி.மீ. அகலம், 48 செ.மீ. நீளத்தில் வெளிர் வெனீர்ப் பட்டை நான்கு, அடர் பட்டை நான்கு. இரும்புக் கோலை அழுத்திப் பிடித்துப் புதுக் கத்தியால் இரண்டு மூன்று கீறலில் வெட்டுங்கள். ஒரே அழுத்தில் வெட்டினால் ரேகையோடு கத்தி ஓடிவிடும். மாற்றி மாற்றி அடுக்கி, மேல்முகத்தில் காகித டேப் ஒட்டிச் சேர்த்தால் எட்டு வரி. இதன் ஒரு ஓரத்தைச் செங்கோணமாகச் சீவிவிட்டு, குறுக்காக 57 மி.மீ. அகலத்தில் எட்டுத் துண்டு வெட்டுங்கள். ஒன்று விட்டு ஒன்றைத் தலைமாற்றித் திருப்பினால் சதுரங்கம் தானாக வந்துவிடும். பசையை எம்டிஎஃப் மீது மட்டும் தடவுங்கள். வெனீரில் தடவினால் சுருண்டுகொள்ளும். மேலும் கீழும் பிளாஸ்டிக் தாள், அதன்மேல் தடித்த பலகை, ஆறு எட்டு கிளாம்ப், ஓர் இரவு. பசை அதிகமானால் மரத் துளை வழியே மேலே கசிந்து, பாலிஷ் ஏறாத வெள்ளைத் திட்டாக நிற்கும்.

தேய்ப்பதில்தான் பலரும் வேலையைக் கெடுக்கிறார்கள். வெனீர் அரை மில்லிமீட்டர்தான். எந்திரத்தில் தேய்த்தால் ஒரு நொடியில் எம்டிஎஃப் எட்டிப் பார்க்கும். கட்டையில் சுற்றிய 180 எண் உப்புத்தாள், பிறகு 240, கையால் மட்டும். அதற்கும் முன் ஷெல்லாக் அரக்கை ஆல்கஹாலில் நீர்க்கக் கரைத்து ஒரு கை பூசி உலர விடுங்கள். இல்லாவிட்டால் ஈட்டியின் ஊதாத் தூள் வெள்ளைக் கட்டத் துளைகளில் இறங்கி அழுக்காக்கிவிடும், பிறகு எடுக்கவே முடியாது. தூளைத் துணியால் துடைக்காமல் ஊதியோ உறிஞ்சியோ அகற்றுங்கள்.

ஈரம், வறட்சி, வெடிப்பு

காற்றின் ஈரப்பதம் 70 சதவீதம் இருக்கும்போது மரத்துக்குள் ஏறத்தாழ 13 சதவீதம் நீர் இருக்கும். 50க்கு இறங்கினால் 9, 30க்கு இறங்கினால் 6. மரம் வெடிப்பதற்கு இந்த இறக்கத்தின் வேகமே காரணம். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ ஜன்னல் திறந்த அறையில் கருங்காலி பல காலம் நலமாக இருக்கும். அதையே இரவு முழுக்க ஏசி ஓடும் அறையில், குளிர்காற்று நேரே படும் அலமாரியில் வைத்தால் அடியில் கீறல் விழும். டொரன்டோ, ஆஸ்லோவில் இருப்பவர்களுக்குக் குளிர்காலம்தான் கண்டம். ஹீட்டர் ஓடும் வீட்டில் ஈரப்பதம் 30க்கும் கீழே போகும். அங்கே கருங்காலியைவிட எபனைஸ்டு செட் நிம்மதி.

புதுச் செட் வந்ததும் எல்லாக் காயையும் வெளியே அடுக்கி அழகு பார்க்காதீர்கள். சோதனை முடிந்ததும் பெட்டிக்குள் திரும்ப வைத்து, இரண்டு வாரம், தினம் கொஞ்ச நேரம் மட்டும் மூடியைத் திறந்து வையுங்கள். சின்ன டிஜிட்டல் ஈரமானி ஒன்றைப் பெட்டிக்குள்ளேயே போட்டுவிடலாம். 45க்கும் 60க்கும் இடையே நின்றால் கவலையில்லை. சிலிக்கா ஜெல் பொட்டலத்தைக் கருங்காலிப் பெட்டியில் போடுவது நல்லெண்ணத்தில் செய்யும் கேடு. மூடிய பெட்டியில் அது அளவு மீறி உலர்த்திவிடும்.

மயிரிழை வெடிப்பு விழுந்துவிட்டால் அவசரப்பட வேண்டாம். வறண்ட காலத்தில் திறந்து மழைக்காலத்தில் தானே மூடிக்கொள்ளும் வெடிப்பு பல உண்டு. திறந்திருக்கும்போது கெட்டிப் பசையால் அடைத்துவிட்டால், மரம் விரியும்போது இடமில்லாமல் பக்கத்தில் இன்னொரு இடத்தில் வெடிக்கும். ஒரு முழு வருடம் பாருங்கள். நிரந்தரமாகத் திறந்தே இருந்தால் கறுப்பு மெழுகைச் சூடாக்கி நிரப்பித் துடைத்துவிடுங்கள். மெழுகு இளகிக் கொடுக்கும்.

பூச்சு எது என்று தெரிந்துகொண்டு துடையுங்கள். லேக்கர் பூசியவற்றுக்கு உலர்ந்த மெல்லிய துணி போதும், மெழுகு தேவையில்லை. மெழுகுப் பூச்சு உள்ளவற்றுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை, பட்டாணி அளவு தேன்மெழுகுப் பசை, பத்து நிமிடம் கழித்துத் துடைப்பு. தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். பிசுக்குப் பிடித்து, தூசி சேர்த்து, சிக்கு வாடை அடிக்கும். சானிடைசர் தடவிய கையோடும் காயைத் தொடாதீர்கள். அதில் இருப்பது ஆல்கஹால், ஷெல்லாக்கைக் கரைப்பதும் அதுவே. ஐப்பசி, கார்த்திகையில் ஃபெல்ட்டில் வெண்பூஞ்சை வந்தால் ஈரத் துணி எடுக்காமல் உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி, நிழலில் காற்றாட விடுங்கள்.

வைத்து ஆடும்போது

காயைக் கழுத்தில், இரண்டு மூன்று விரலால் பிடியுங்கள். குதிரையைக் காதில் தூக்குவதும் ராஜாவைச் சிலுவையில் தூக்குவதும் பழக்கமானால் ஒட்டிய இடம் விடும். வெட்டிய காயை மேசையில் உருட்டாமல் நிறுத்தி வையுங்கள். பலகையின் வலது ஓரத்தில் ஒரு துண்டு ஃபெல்ட் விரித்தால் அதற்கென்றே இடம் கிடைத்துவிடும். கடிகாரம் வைத்து ஐந்து நிமிட ஆட்டம் என்றால் நல்ல செட்டை எடுக்காதீர்கள். நேரம் முடியும் பதற்றத்தில் காய்கள் பறக்கும். அதற்கு பிளாஸ்டிக் செட் ஒன்று தனியே இருக்கட்டும். நல்ல செட்டுக்கு உரியது நிதானமான ஆட்டம். விளக்கு தலைக்கு மேலே இல்லாமல் பக்கவாட்டில் இருந்தால் குதிரையின் செதுக்கல் நிழலோடு தெரியும், பலகையும் மின்னாது.

ஆடி முடித்ததும் எல்லாவற்றையும் அள்ளி ஒரே பெட்டியில் கொட்டினால் கனமான யானையின் அடி ராணியின் கிரீடப் பற்களை ஒவ்வொன்றாக உடைக்கும். 34 அறை உள்ள பெட்டி விலை அதிகம். கறுப்புக்கு ஒன்று, வெள்ளைக்கு ஒன்று என உள்ளே தடுப்பு வைத்துத் தைத்த துணிப்பை அதே வேலையைச் செய்யும்.

இரண்டாவது செட்டும் பழைய செட்டும்

சேகரிக்க ஆரம்பிப்பவர்கள் ஒரே வடிவத்தை மூன்று மரங்களில் வாங்கிவிட்டுப் பிறகு சலித்துக்கொள்வார்கள். வடிவத்தை மாற்றுங்கள். 1950இல் டுப்ரோவ்னிக் ஒலிம்பியாடுக்காகச் செய்த செட்டின் மறு உருவாக்கங்கள் கிடைக்கின்றன. சிலுவை கிடையாது, மந்திரியின் தலைக்குமிழ் எதிர் நிறத்தில் இருக்கும், குதிரை எளிய வடிவம். அமெரிக்க உலக சாம்பியன் பாபி ஃபிஷர் விரும்பி ஆடியது இந்த வகை. சோவியத் கால வடிவங்கள் இலகுவான எடையும் உயர்ந்த கழுத்துமாக வேறு ருசி.

பழைய ஜாக்ஸ் என்று சொல்லி வருவதில் வெள்ளை ராஜாவின் அடிவிளிம்பைப் பாருங்கள். நிறுவனத்தின் பெயர் முத்திரை அங்கே இருக்கும். ராஜா பக்கத்து யானையிலும் குதிரையிலும் சிறு கிரீட முத்திரை இருப்பதும் வழக்கம். முத்திரையைப் புதிதாகவும் குத்தலாம் என்பதால் அதை மட்டும் நம்பக் கூடாது. அடிவிளிம்பு தேய்மானம் எல்லாக் காயிலும் ஒரே சீராக இருக்கிறதா, ஒரு குதிரை மட்டும் புது மஞ்சளில் இருக்கிறதா, எல்லாச் சிப்பாய்களின் வளையங்களும் ஒரே உயரத்தில் விழுகின்றனவா என்று பாருங்கள். வாங்கிய பின் உப்புத்தாள் எடுக்காதீர்கள். நூறு வருட விரல் மெருகைத் தேய்த்துவிட்டால் திரும்ப வராது.

காய் ஒன்று தொலைந்தால் கடைசல் பட்டறைக்கு அதன் ஜோடியையே அனுப்புங்கள், படம் போதாது. உயரம், அடிவட்டம், கிராம் எடை மூன்றையும் தாளில் எழுதிச் சேர்த்து அனுப்புங்கள். புதுப் பாக்ஸ்வுட் பழையவற்றின் நடுவே வெளிறித் தெரியும். ஃபெல்ட் ஒட்டுமுன் அந்தக் காயை மட்டும் நேர் வெயில் படாத, வெளிச்சமான ஜன்னலில் வைத்து, வாரம் ஒருமுறை கால் சுற்றுத் திருப்பிவிடுங்கள். ஜோடியின் நிறத்தை நெருங்கச் சில மாதங்கள் பிடிக்கும். அதுவரை கூடுதல் ராணியைத் தலைகீழாக வைத்து ஆடலாம்.